கணக்கும் கம்ப்யூட்டரும்

ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். (ஜோசியம் இல்லை, பயப்படாதீர்கள்.) இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அதே வைத்தியம். 7-ல் ஆரம்பித்தால் 22, 11, 34, 17 என்று ஏறி இறங்கி, பதினாறாவது தாவலில் 1-ல் வந்து உட்கார்ந்துவிடும். எல்லா எண்ணும் இப்படி 1-க்கு வந்தே தீரும் என்பது, ஜெர்மன் கணித நிபுணர் லோத்தார் கொலாட்ஸ் பெயரில் உலவும் யூகம்.

27-ஐ எடுத்துக்கொண்டு பேப்பர் பென்சிலோடு உட்கார்ந்தால் காபி ஆறிவிடும். 9232 வரை எகிறிவிட்டு 111-வது தாவலில்தான் தரை தட்டும். நடுவில் ஒரு கூட்டல் தப்பினால் போச்சு. எங்கே தப்பியது என்று சொல்ல ஆளில்லை. இதையே ப்ரோகிராமாக எழுதினால் ஐந்தாறு வரி. அடைப்புக்குறி விட்டுப்போனால், 'நாலாவது வரியைப் பாருமய்யா' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். திருத்தினால் கண் இமைப்பதற்குள் விடை.

பொழுதுபோக்காக ப்ரோகிராம் ருசிப்பதற்குக் காரணம் இதுதான். தப்போ ரைட்டோ, உடனே பதில். கணக்கோ, பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்ட மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' ரகம்.

ஆனால் உடனடி பதிலில் ஒரு ஆபத்தும் உண்டு. எண்களைப் பகா எண்களாக உடையுங்கள். 12 என்பது 2×2×3. மூன்று துண்டு, ஒற்றைப்படை. 1-லிருந்து எண்ணிக்கொண்டு போய், 2-க்கு மேல் எங்கே நிறுத்தினாலும் ஒற்றைப்படைத் துண்டுக்காரர்கள் பாதிக்குக் குறையமாட்டார்கள் என்று 1919-ல் ஜார்ஜ் போல்யா யூகித்தார். ப்ரோகிராம் எழுதிப் பத்து லட்சம் வரை பாருங்கள், சரி. பத்துக் கோடி வரை போங்கள், அப்போதும் சரி. எழுந்து கை தட்டத் தோன்றும். 1958-ல் ஹேஸல்குரோவ் என்பவர் அது பொய் என்று நிரூபித்தார். முதல் சறுக்கல் 90,61,50,257-ல்!

கொலாட்ஸ் விஷயத்திலும், 2-ன் 68-வது அடுக்கு வரை கம்ப்யூட்டர் பார்த்தாகிவிட்டது. 'இதுவரை சரி' என்கிறது. 'எப்போதும் சரி' என்று சொல்லக் கணக்குக்குத்தான் யோக்யதை. அது இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். 100-க்குள் அதிகத் தாவல் போடும் எண் எது? ப்ரோகிராம் எழுதினால் 97, 118 தாவல் என்று சொல்லிவிடும். ஏன் 97 என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். அதற்குப் பென்சிலைத்தான் தேட வேண்டும்.