டாக்டர் பட்டம் பெற்ற பதிலிகள்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, "சோஷலிச பாணி சமுதாயம்" அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தோடு நின்றது. ஆனால் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னர் போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அர்ஜுன் டாங்கியை உருவாக்கியது. எல்லாம் ஜனங்களின் வரிப்பணம்.

இத்தகைய நிலையங்களில் வேலை தேடும் விஞ்ஞானிகளின் கதி என்ன?

பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்று டாக்டர் பட்டம் வரை படிக்கிறார்கள். பள்ளிக்கூடம் முதல் கணக்குப் பார்த்தால் இருபது வருஷத்துக்கு மேல். பிறகு? "ரிசர்ச் அசோசியேட்" என்ற பெயரில் தவணை வேலை. மத்திய சர்க்காரின் 2023 உத்தரவுப்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய். நல்ல சம்பளம்தானே என்று மில் தோழர் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். உத்தரவைப் படித்ததும் விஷயம் புரிந்தது. பஞ்சப்படி கிடையாது. போனஸ் கிடையாது. ஓய்வுக்காலப் பலன் கிடையாது. பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் விளம்பரங்களோ, நிரந்தரமாக்கும்படி கேட்க உரிமையில்லை என்று முன்கூட்டியே எழுதி விடுகின்றன. பேட்டிக்குப் போக ரயில் சார்ஜும் தருவதில்லை. தவணை முடிந்தால் மறுபடி விளம்பரம் பார்க்க வேண்டும், மறுபடி பேட்டி, வேறு ஊர். காலையில் மில் வாசலில் நின்று, இன்று வேலை உண்டா என்று காத்திருக்கும் பதிலித் தொழிலாளிக்கும் இவருக்கும் என்ன பேதம்?

வயது வரம்பு வேறு: 35. தாழ்த்தப்பட்டோருக்குச் சலுகை உண்டு, சரி. ஆனால் தம்பியைப் படிக்க வைக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் சில வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பவும் படிக்கப் போன பெண்ணின் வயதை எந்தக் கணக்கில் கழிப்பது?

வெளிநாடு போகட்டுமே என்பார்கள் சிலர். புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் அறிவித்தார். கூலிக்காரர் மகள் எங்கே போவாள்?

பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. 2020-21-ல் தேசிய உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவானது 0.64 சதவிகிதம்தான். 2023-ல் புதிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டு, ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று தம்பட்டம் அடித்தார்கள். அதில் 36,000 கோடி கம்பெனிகளும் கொடையாளரும் தரவேண்டியது. தந்தால் உண்டு!

2019 ஜனவரியில் ஆராய்ச்சி மாணவர்கள் டில்லி வீதியில் இறங்கினார்கள். போலீஸ் பிடித்துக் கொண்டு போயிற்று. அம்மாதக் கடைசியிலேயே இளநிலை ஆராய்ச்சியாளரின் உபகாரச் சம்பளம் 25,000-லிருந்து 31,000 ஆயிற்று. கேட்டது இன்னும் அதிகம்.

தவணை வேலைக்குப் பஞ்சப்படியும் ஓய்வூதியமும் வேண்டும், பேட்டிக்குப் பயணப்படி வேண்டும், காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும் என்று நாம் கோருகிறோம். ஆவடி, அம்பத்தூர் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்க்கட்டும். இந்த ஆராய்ச்சியாளர்கள் காலை ரயிலில் நம்மோடுதான் வருகிறார்கள். கூட்டத்துக்கு அழையுங்கள்.