இண்டிகேட்டர் அவசரப்பட்டால்...

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். நிதானமாக டிக்... டிக்... என்று அடிக்கிற இண்டிகேட்டர், திடீரென்று ஒரு பக்கம் மட்டும் டிக்டிக்டிக்டிக் என்று பறக்கும். எங்கள் பதினாலு வயசு வண்டியில், புனே மழை ஓய்ந்த கையோடு ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "அண்ணா, ரிலே போச்சு. காம்பினேஷன் ஸ்விட்சும் மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். (தெற்கத்திக்காரன் என்று தெரிந்துவிட்டால் இங்கே நாம் எல்லோருமே அண்ணாதான்.)

என்னைக் கேட்டால் ரிலேயைத் தொடவே வேண்டாம். வேகமாக அடிப்பது அதன் கோளாறு இல்லை, அதன் வேலை. பெரும்பாலான கார்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 21 வாட் பல்புகள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பல்பு போனால் கரண்ட் பாதியாகிவிடும். உடனே துடிப்பைக் கூட்டி நமக்குச் சொல்கிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் அடிக்க வேண்டும் என்பது கணக்கு.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் பறந்தால், முதலில் அந்தப் பக்கத்து பல்பு. பல்பு நன்றாக இருந்தால் ஹோல்டரில் துரு, அல்லது எர்த் ஒயர். மழைக்கால ஈரத்துக்கு இது சகஜம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். நாலு விளக்கையும் சேர்த்து எரியவிட்டால் எரிகிறது, திரும்பும்போது மட்டும் இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால்தான் ஃப்யூஸ் அல்லது ஸ்விட்ச் மீது சந்தேகப்பட வேண்டும்.

நானா பேட்டில் பல்பு கிடைக்கும், ஒரு மசால் தோசை விலைகூட இல்லை. பழைய பல்பைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆரஞ்சு நிற பல்பின் முளைகள் நேர் எதிரெதிராக இல்லாமல் கொஞ்சம் விலகியிருக்கும், வெள்ளை பல்பு அதில் உட்காராது. கடைக்காரர் எல்இடி காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. பழைய ஃப்ளாஷர் பல்பே இல்லை என்று நினைத்து மறுபடி பறக்கும்.

"இந்த ஊரில் எவன் இண்டிகேட்டர் போடுகிறான், இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தியாவின் வாகன விளக்குகளுக்குத் தரம் எழுதுகிற ஏ.ஆர்.ஏ.ஐ. இதே ஊரில், வேதாள் மலைமேல்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஆட்டோக்காரர் காலை நீட்டித் திரும்புகிறார் :-)

ஆனால் புனே டூவீலர் ஊர். சிக்னலில் நிற்கும்போது நம் காருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை அடியில் ஸ்கூட்டர்கள் நுழைந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு நம் முகம் தெரியாது, நம் கண்ணாடியில் அவர்கள் விழுவதும் சந்தேகம். நாம் இடப்பக்கம் ஒடிக்கப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்கிற ஒரே ஆள் அந்தப் பின்பக்க இடது பல்பு. அது செத்துப்போனாலும் டாஷ்போர்டில் பச்சை அம்பு மினுக்கும், அந்த அவசரத் துடிப்பை வைத்துத்தான் உள்ளே இருக்கிற நமக்குக் குறை தெரியும். என் பெண் தினமும் காலேஜுக்கு ஸ்கூட்டரில்தான் போகிறாள். யாரோ ஒருவருடைய காரின் இடப்பக்கமாகத்தான் போகிறாள்.

கண்டாலா காட் ரோட்டில் மழை வந்தால் நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுகிற பழக்கமும் இதே ரகம். நாலும் மினுக்கினால் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறீர்கள் என்று பின்னால் வரும் லாரிக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மாற்றினால் அடுத்த பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதற்கும் அதே வயசுதான்.