காஸ் முடியவில்லை, கசிந்துவிட்டது

"காஸ் முடிந்துவிட்டது" என்ற வாக்கியத்தை நாம் இரண்டு இடங்களில் உபயோகிக்கின்றோம். ஒன்று சமையலறையில், மற்றையது காரின் ஏ.சி. குளிர் தராமற் போகும்போது. முதலாவது இடத்தில் அந்த வாக்கியம் முற்றிலும் சரியானது. சிலிண்டரில் இருந்த காஸ் அடுப்பில் எரிந்தது, சோறு வெந்தது, காஸ் தீர்ந்தது. 2022 ஆம் ஆண்டில் வெற்றுச் சிலிண்டர்களுடன் வீதியோரங்களில் நாட்கணக்காகக் காத்துநின்ற இலங்கையருக்கு அந்த வாக்கியத்தின் பாரம் நன்கு தெரியும். இரண்டாவது இடத்திலோ அது பிழையான வாக்கியம். காரின் ஏ.சி.யில் உள்ள வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. அது குறைந்திருக்கின்றதென்றால் எங்கோ ஒரு துவாரத்தினூடாக வெளியேறியிருக்கின்றது என்பதே பொருள்.

சொல்லில் உள்ள இந்தப் பிழை பணத்திலும் சுற்றாடலிலும் சிலவேளைகளில் உயிரிலும் கைவைக்கக்கூடியது என்பதனாலேயே இதனை எழுதுகின்றேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவரிடம் இருப்பது 11 வருடப் பழைய கார். கடந்த இரண்டு கோடைகளிலும் கடையில் விற்கும் காஸ் கலம் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்துத் தாமே ஏற்றிக்கொண்டதாகவும், இம்முறையும் அவ்வாறே செய்யலாமா என்றும் வினவியிருந்தார். வாகனப் பொறியியல் எனது துறையன்று. ஆனால் கணக்கில் ஒரு தொகை குறைந்தால், அது எங்கே போனது என்று கேட்கப் பத்திரிகைத் தொழில் பழக்கியிருக்கின்றது. இங்கும் கேட்கவேண்டியது அதே கேள்விதான்.

இலங்கையில் வாழும் வாசகர்களுக்கு முதலில் அந்தக் கலம் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் பெரிய பல்பொருள் அங்காடிகளிலும் 12 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 340 கிராம், ஆர்-134ஏ எனப்படும் குளிரூட்டி வாயு அடைத்த கலங்கள் எவருக்கும் விற்கப்படுகின்றன. கலத்துடன் ஒரு சிறிய குழாயும், பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பட்டைகள் தீட்டிய ஒரு மானியும் வரும். எஞ்சினை இயக்கி, ஏ.சி.யை முழுவேகத்தில் வைத்து, தாழமுக்கப் பக்கத்துப் பொருத்துவாயில் குழாயைச் செருகி, முள் பச்சைக்கு வரும்வரை வாயுவை ஏற்றினால் வேலை முடிந்தது என்பது கலத்தில் அச்சிட்டிருக்கும் போதனை. கூலிக்கு இந்த வேலையைச் செய்பவர் அந்நாட்டின் தூய காற்றுச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். தமது சொந்தக் காரில் செய்பவருக்கு அது வேண்டியதில்லை.

முன்னர் ஆர்-12 வாயுவும் இவ்வாறே சிறு கலங்களில் விற்கப்பட்டது. குளோரின் கொண்ட இத்தகைய வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974 இல் எச்சரித்தனர். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1992 நவம்பரில் ஆர்-12 சிறு கலங்களைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா தடைசெய்தது. 1995 இறுதியுடன் அதன் உற்பத்தியும் அங்கு நின்றது. அதனிடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆதலால் கலங்கள் மீண்டும் கடைத்தட்டுகளில் ஏறின. ஆனால் அது பூமியைச் சூடாக்குகின்றது. 100 வருடக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 1,400 மடங்கு வலிமை அதற்குண்டு. ஒரு கலத்தில் உள்ள 340 கிராமும் காற்றில் கலந்தால், அது சுமார் 200 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமம். வருடத்துக்கொரு கலம் ஏற்றும் கார், அந்த 200 லீற்றரையும் ஓர் அங்குலமேனும் ஓடாமலே எரித்துவிடுகின்றது எனலாம்.

ஏ.சி. வேலைசெய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். கொம்பிறசர் வாயுவை அழுத்துகின்றது. காரின் முன்புறத்திலுள்ள கொண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகின்றது. ஒடுங்கிய வால்வு ஒன்றினூடாகப் பாய்ந்து, டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் கொயிலில் மீண்டும் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கொம்பிறசருக்குத் திரும்புகின்றது. உடலில் இரத்தம் சுற்றுவதைப் போன்றது இது. இரத்தம் குறைந்தவருக்கு இரத்தம் ஏற்றும் வைத்தியர் காயம் எங்கே என்று தேடாமல் விடுவாரா? வாயுவுடன் சேர்ந்தே கொம்பிறசரின் எண்ணெயும் சுற்றுகின்றது. எனவே கசிவில் எண்ணெயும் போகின்றது. வாயுவை மட்டும் நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தால், எண்ணெய் வற்றிய கொம்பிறசர் ஒருநாள் இறுகி நின்றுவிடும். அப்போது வரும் செலவு பல கலங்களின் விலையை விழுங்கிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. எந்தக் காரும் முற்றாக அடைபட்டதன்று. இறப்பர்க் குழாய்களினூடாகவும் வளையங்களினூடாகவும் கொம்பிறசரின் தண்டு முத்திரையினூடாகவும் வருடந்தோறும் சிறிதளவு வாயு கசிந்துகொண்டே இருக்கும். 8, 10 வருடங்கள் நன்றாகக் குளிர்ந்த கார் இப்போது சற்றுத் தளர்ந்திருக்கின்றதென்றால், ஒருமுறை நிரப்புவதில் குற்றம் காண இயலாது. ஒவ்வொரு கோடையிலும் நிரப்பவேண்டியிருப்பது வேறு கதை. அங்கு கசிவு கண்ணுக்கு எட்டும் அளவில் இருக்கின்றது. பெரும்பாலும் அது எண்ணெய் ஊறிய கரிய கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சவர்க்கார நுரை பூசினால் குமிழி விடும். புறவூதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தினால் மூலை முடுக்கிலும் தெரியும்.

இப்போது அந்தப் பச்சைப் பட்டையைப் பார்ப்போம். எனக்கு மிகவும் ஆட்சேபம் தருவது அதுதான். ஒரு காருக்கு எவ்வளவு வாயு வேண்டும் என்பதை உற்பத்தியாளர் எடையில் குறித்திருப்பார். பொனற்றைத் திறந்தால் ஒரு சிட்டையில் காணலாம். சிறிய கார்களில் அது 400 முதல் 600 கிராம் வரை இருக்கும். ஆகவே ஒரு கலமே மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேற்பட்டது. ஆனால் கலத்துடன் வரும் மானி காட்டுவது எடையையன்று, தாழமுக்கப் பக்கத்து அமுக்கத்தை. அந்த அமுக்கம் வெளி வெப்பநிலையுடன் மாறும். கொம்பிறசர் தேய்ந்திருந்தாலும், உள்ளே காற்றுப் புகுந்திருந்தாலும் மாறும். உள்ளே எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பது தெரியாது. தெரியாத ஒரு தொகையுடன் தெரிந்த ஒரு தொகையைக் கூட்டினால் விடையும் தெரியாத தொகைதான். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளும் இந்தக் கணக்கை ஒரு வர்ணப்பட்டை மறைத்துவிடுகின்றது. கூடுதலாக ஏற்றினால் கூடுதலாகக் குளிரும் என்ற நம்பிக்கையும் பிழையே. அளவு மீறினால் உயரமுக்கம் ஏறி, குளிர் குறைந்து, கொம்பிறசர் திணறும்.

காற்றுடன் உட்புகும் ஈரம் இன்னொரு தொல்லை. அது எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனாலேயே முறையான வேலையில் பழைய வாயுவை இயந்திரத்தால் மீட்டெடுத்து, கசிவை அடைத்து, வெற்றிடப் பம்பியால் உள்ளே இருப்பதை உறிஞ்சி, பின்னர் தராசில் நிறுத்துக் குறித்த கிராம் அளவை ஏற்றுகின்றனர். கசிவை அடைக்கும் பசையும் சேர்த்திருப்பதாகப் பெருமைபேசும் கலங்களைத் தவிர்ப்பதே நல்லது. அந்தப் பசை பின்னர் திருத்த வருபவரின் இயந்திரத்திலும் போய் இறுகும். பசை ஏற்றிய காரைத் தொட மறுக்கும் திருத்தகங்கள் உண்டு.

குளிர் வராமைக்கு வாயு காரணமே இல்லாத சந்தர்ப்பங்களும் ஏராளம். ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நின்றவுடன் சூடாகும் கார் பெரும்பாலும் சொல்வது கொண்டென்சரின் விசிறி சுழலவில்லை என்பதையே. காற்று வேகமின்றி வந்தால் வடிகட்டியில் தூசு அடைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் காஸ் ஏற்றுவது, பல் வலிக்குக் காலில் கட்டுப்போடுவது போன்றது.

அப்படியானால் வீட்டில் செய்வதையே தடைசெய்துவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் ஏறத்தாழ அந்த வழியில்தான் சென்றது. மீள நிரப்ப முடியாத கலங்களைச் சந்தைக்கு விடுவது அங்கு 2007 யூலை முதல் தடை. கலிபோர்னியா மாநிலம் 2010 ஜனவரி முதல் தானாக மூடிக்கொள்ளும் வால்வையும், கலத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீளக் கிடைக்கும் 10 டொலர் வைப்பையும் கட்டாயமாக்கியது. 2018 முதல் தானாக மூடும் வால்வு அமெரிக்கா முழுவதற்கும் விதியானது. இவை நல்ல விதிகளே. ஆனால் கலத்தின் வாயை மூடுவதில் காட்டிய அக்கறையைக் காரின் கசிவில் எவரும் காட்டவில்லை. கசியும் காரில் வாயுவை நிரப்புமுன் கசிவை அடைக்கவேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய சட்டம் கேட்பதில்லை. மூடிய கலத்திலிருந்து ஓட்டைக் காருக்குள் வாயு சட்டப்படி செல்கின்றது.

இருந்தபோதிலும் முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. 40 பாகை வெயிலில், வயது முதிர்ந்த தாயாரைப் பின்னாசனத்தில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய ஒருவருக்கு ஏ.சி. ஆடம்பரமன்று. திருத்தகத்தின் கட்டணத்தைக் கேட்டு மலைப்பவரிடம் கலத்தையும் பறித்துவிட்டு அறிவுரை சொல்வது எளிது. தவிர, தன் கையால் திருத்துவதை இழிவாகக் கருதும் சமூகமல்ல நாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் நாம். ஆனால் அந்த மனிதர்களுக்குக் காபரேற்றருக்குள் என்ன நடக்கின்றது என்பது தெரிந்திருந்தது. சில துளி பெற்றோல் எங்கு விடவேண்டும், எப்போது மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும் என்பதை அறிந்தே செய்தனர். கலமும் பச்சைப் பட்டையும் அந்த அறிவைக் கேட்பதில்லை. அது தேவையில்லை என்று சொல்லியே விற்கப்படுகின்றன.

ஆகவே மின்னஞ்சல் அனுப்பிய வாசகருக்கு எனது பதில் இதுதான்: மூன்றாவது கலத்தை வாங்கவேண்டாம். இரண்டு கோடைகளில் இரண்டு கலங்களைக் குடித்த கார் தனது நோயைச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைக் கசிவைத் தேடுவதற்குச் செலவிடுங்கள். சிறு வளையமோ வால்வின் உள்முனையோ என்றால் செலவு பெரிதாக இராது. அங்குள்ள சில உதிரிப்பாகக் கடைகள் வெற்றிடப் பம்பியையும் மானிகளையும் இரவலாகவே தருகின்றன. உள்ளே இருந்த வாயு முழுதும் ஏற்கெனவே போய்விட்ட கார் என்றால், பழுதைத் திருத்தி, வெற்றிடமாக்கி, சமையலறைத் தராசில் கலத்தை வைத்துக் கிராம் கணக்கில் ஏற்றுவது வீட்டிலும் முடியும். வாயு இன்னும் எஞ்சியிருந்தால் அதைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் குற்றம்; மீட்டெடுக்க இயந்திரம் வைத்திருப்பவரிடம் போகவேண்டும். எப்படியாயினும் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடவேண்டாம். அந்தத் திரவம் சுழியத்துக்குக் கீழே 26 பாகையில் கொதிப்பது. கண்ணில் பட்டால் கண் உறையும்.

புதிய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-1234வைஎஃப் என்ற வேறு வாயு. சிறிதளவு தீப்பற்றக்கூடியது, விலையும் பல மடங்கு. பொருத்துவாய்கள் வேறு என்பதால் பழைய கலம் பொருந்தாது. பொருந்தவைக்கும் இணைப்பிகளைத் தேடிப்போகவும் கூடாது.

இலங்கையர் தனியாகக் கவனிக்கவேண்டியது ஹைபிரிட் கார்கள். பிரியஸ், அக்குவா போன்றவற்றின் கொம்பிறசரை இயக்குவது பட்டியன்று, நூற்றுக்கணக்கான வோல்ற் மின்சாரம். அவற்றுக்கு மின் கடத்தாத தனிவகை எண்ணெய் வேண்டும். சாதாரணக் கார்களுக்கான எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, கார் இயங்க மறுக்கலாம், கைவைப்பவருக்கும் ஆபத்து. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் எமது வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்கள் பலவும் முதுமையடைந்துவிட்டன. அவற்றின் ஏ.சி.களும் அப்படியே.

இந்த இடத்தில் வீட்டு முற்றத்தை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. கொழும்பில் நான் பார்த்த திருத்தகங்கள் பலவற்றிலும் தராசு இல்லை. பெரிய சிலிண்டரைத் திறந்து, மானியைப் பார்த்து, கூலிங் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து "சரி" என்கின்றனர். பழைய வாயுவை வால்வை அழுத்திச் சீறவிட்டதையும் கண்டிருக்கின்றேன். வாயுவைப் படிப்படியாகக் குறைக்கக் கோரும் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018 இலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. அதிகாரிகள் செய்யக்கூடிய மிக எளிய காரியம் ஒன்றுண்டு. இப்போது பற்றுச்சீட்டில் "ஏ.சி. காஸ்" என்று ஒரு சொல்லும் ஒரு தொகையும் மட்டுமே இருக்கின்றன. காரிலிருந்து மீட்டது எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம், கசிவு எங்கே காணப்பட்டது என்ற மூன்று விபரங்களையும் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். சட்டம் வரும்வரை காத்திராமல் வாடிக்கையாளரும் நாளைக்கே கேட்கலாம்.