சித்திரத்துக்கு ஒரு சுவர் வேண்டும்

ஆரம்பப் பள்ளிகளில் சித்திரம் என்று ஒரு பாடம் இருக்கிறது. கால அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் பெரும்பாலும் நுழைந்துகொள்வது கணக்கு. இல்லையென்றால் பாக்கி நின்றுபோன வேறொரு பாடம். பரீட்சை நெருங்கிவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சித்திரம்தான். "படம் போட்டது போதும், வாய்ப்பாட்டை எடு" என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்?

சித்திரம் நடக்கிற வகுப்புகளின் நிலை மட்டும் என்ன வாழ்கிறது? கரும்பலகையில் ஆசிரியர் ஒரு மாம்பழம் போடுகிறார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து நாற்பது மாம்பழம் போடுகிறார்கள். அடுத்த வாரம் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலைத் தவிர வேறொன்றும் பார்த்திராத தஞ்சைப் பிள்ளையும் அந்த இரண்டு மலைகளைத்தான் வரைகிறது. நோட்டில் ஒரு சிவப்பு மைக் குறி விழுகிறது. வருஷக் கடைசியில் அந்த நோட்டு பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகிறது. அத்துடன் அந்தப் பிள்ளையின் சித்திரக் கல்வி முற்றுப்பெறுகிறது.

இந்த நிலைக்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். வர்ணம் வாங்கப் பணமில்லை என்பது ஒன்று. சித்திர ஆசிரியர் இல்லை என்பது மற்றொன்று. பின்னதில் நியாயம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு ஒன்றையும் அது சொல்லவில்லை. தமிழும் கணக்கும் நடத்துகிற அதே ஆசிரியர்தான் சித்திரத்தையும் சுமக்க வேண்டும்.

ஆயினும், இவ்விரண்டையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு என்பது என் கருத்து. பிள்ளை போட்ட படத்தைப் பார்க்க ஆளில்லை. அதுதான் அந்தக் குறை. பாடுகிறவருக்குக் கேட்பவர் வேண்டும். கோலம் போடுகிறவருக்குத் தெருவில் போகிறவர் ஒருவராவது நின்று பார்க்க வேண்டும். சித்திரம் போடுகிற பிள்ளைக்கு மட்டும் மூடி வைத்த நோட்டு போதுமா?

தச்சர் வீட்டுப் பிள்ளைகள்

ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவில் பிரான்ஸ் சிஸெக் என்ற ஓவியர் இருந்தார். மாணவராக இருந்த காலத்தில் அவர் ஒரு தச்சர் குடும்பத்துடன் தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் வர்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கித் தம் போக்கில் வரைந்தார்கள். அவர் திருத்தவில்லை, பார்த்தார். அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பிள்ளைகளின் சித்திரம் பெரியவர்களின் சித்திரத்தில் தவறிப்போன ஒன்றல்ல; அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது என்பதே அது. 1897இல் அவர் பிள்ளைகளுக்கென்றே ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். 1920இல் அந்தப் பிள்ளைகளின் படங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்டவர்கள் வியந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. எழுதக் கற்பிக்குமுன் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்க வேண்டும் என்று காந்தியடிகள் தமது சுயசரிதையில் வற்புறுத்தியிருக்கிறார். சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமத்துக்கு வந்து, அங்குள்ள ஆதாரக் கல்விப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார்.

விக்டர் லோவன்பெல்ட் என்ற கல்வியறிஞர் 1947இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் சித்திரம் வயதுக்கேற்பப் படிப்படியாக வளர்வதை விளக்கினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் கை பெரிதாகத் தோன்றினால் கையைப் பெரிதாகப் போடும். ஏழெட்டு வயதில் காகிதத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து, அதுதான் தரை என்று எல்லாவற்றையும் அதன் மேல் நிறுத்தும். வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே கொதிக்கும் சோற்றுப் பானையும் தெரியும். இவை பிழைகள் அல்ல, வளர்ச்சியின் அடையாளங்கள்.

ஒன்பது, பத்து வயதில்தான் ஆபத்து வருகிறது. கண்ணால் கண்டதைப் போலவே வரைய வேண்டும் என்ற ஆசை அப்போது பிறக்கிறது; கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. "எனக்குப் படம் வராது" என்று பிள்ளை சொல்லத் தொடங்குகிற வயது அது. நான்காம், ஐந்தாம் வகுப்பு. அப்போது யாரும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் கீழே வைத்த பென்சிலை அந்தப் பிள்ளை மறுபடி எடுக்காமலே போகலாம்.

கம்பிப் பந்தல்

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். நம் பள்ளிகளே வழி காட்டியிருக்கின்றன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பச் சுவரில் தாழ்வான கரும்பலகை. தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயர். பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடுவதற்காகவே அந்தப் பந்தல் போடப்பட்டது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முறைகள் மாறட்டும். அந்தக் கம்பி வெறுங்கம்பியாக நிற்கக் கூடாது. கடையில் வாங்கிய அச்சுப் படங்களுக்குக் கொடியாகவும் ஆகிவிடக் கூடாது.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சுவரோ ஒரு கயிறோ சித்திரத்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நல்ல படங்களை மட்டும் பொறுக்கி மாட்டக் கூடாது. எல்லாப் பிள்ளைகளின் படமும் ஏற வேண்டும். படத்தின் கீழே பெயர், தேதி, அதைப் பற்றிப் பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை படங்கள் மாற வேண்டும். இறக்கிய படம் குப்பைக்குப் போகாமல் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய அட்டைக்குள் போக வேண்டும். ஜூன் மாதத்துப் படத்தையும் மார்ச் மாதத்துப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாத ஒரு செய்தியை அவை சொல்லும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை, தன் தெருவையும் ஆட்டுக்குட்டியையும் எத்தனை நுட்பமாகக் கவனித்திருக்கிறது என்பது அப்போது ஆசிரியருக்கே தெரியவரும்.

"இப்போது கைப்பேசி இருக்கிறதே, படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்பினால் போதாதா?" என்று கேட்கலாம். தாராளமாக அனுப்புங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் தகப்பனாருக்கு அது ஆறுதல். ஆனால் கைப்பேசியில் வந்த படத்தை அடுத்த நிமிஷம் வேறொரு செய்தி தள்ளிவிடும். சுவரில் இருக்கும் படம் ஒரு வாரம் நிற்கும். பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்து, "இது எங்க தெரு மாதிரி இருக்குடா" என்று சொல்லும். அந்தச் சொல்லுக்கு ஈடு ஏது?

போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாமே என்பாரும் உண்டு. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் தம் பத்திரிகையின் மூலம் தொடங்கிய குழந்தைகள் போட்டி சிறந்த தொண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்புக்குள் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தால், மிச்சம் முப்பத்தேழு பேரும் தமக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆரம்பப் பள்ளியில் பரிசு வேண்டாம், பார்வை போதும்.

"என் பிள்ளை என்ன, ஓவியனாகவா ஆகப் போகிறான்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரே பதில். கணக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாரையும் ராமானுஜன் ஆக்குவதற்கா? உலகத்தைத் தன் கண்ணால் பார்க்கவும், பார்த்ததைப் பிறருக்குக் காட்டவும் பழகாத பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் பிறர் போட்ட மாம்பழத்தைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்.

சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். அவர்கள் அடுத்த கூட்டத்தில் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு கயிற்றைப் பற்றியும் பேசட்டும். தலைமையாசிரியர் ஒரு சுவரைக் கொடுக்கட்டும். பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கு வரும் தாய்மார்கள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்து, "இது என்ன கண்ணு?" என்று கேட்கட்டும். சித்திரக் கல்வி அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகிறது.