நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியின் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில் நிறுவனங்கள் கைமாறுவதைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, வாங்குவோர் விற்போர் ஆகிய இரு சாராரின் லாப நஷ்டங்களை விஸ்தாரமாக ஆராய்ந்துவிட்டுத் தொழிலாளியின் கதியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது.

2025 வரை அமலிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 25எஃப்எஃப் பிரிவின்படி, கைமாற்றத்துக்கு முன் ஓராண்டேனும் இடையறாது உழைத்தவன், ஆட்குறைப்புக்கு ஆளானவனைப் போலவே முன்னறிவிப்பும், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் வீதம் நஷ்டஈடும் பெற உரியவனாயிருந்தான். ஆயினும், சேவைத் தொடர்ச்சி அறுபடாமலும் நிபந்தனைகள் எவ்விதத்திலும் குறைவுபடாமலும் இருந்து, பழைய சேவைக்கான பொறுப்பையும் புதிய முதலாளி ஏற்றால், அவ்வுரிமை எழாது என்றே அப்பிரிவு கூறியது. சம்மதமின்றி எவரையும் புதிய நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாதென்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருப்பது ஓர் ஆறுதல்.

தூரத்தைப் பற்றி மட்டும் அப்பிரிவு வாய் திறக்கவில்லை. சம்பளத்தில் ஒரு காசும் குறைக்காமல், கோயம்புத்தூர்க்காரனைக் குஜராத்துக்கு வரச் சொன்னால், வீட்டு வாடகையும், குழந்தைகளின் படிப்பும், வயோதிகப் பெற்றோரின் பராமரிப்பும் நிபந்தனைகளில் சேர்ந்தவை அல்லவா? (முதலாளிமார் அல்ல என்பார்கள்; அவர்கள் வீடு மாற்றுவது வேறு விதம்.) நிறுவனக் கைமாற்றம் பற்றிய பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு விதிகளோ, வேலைச் சூழ்நிலை கணிசமாகப் பாதகமடைந்தால் ஊழியர் தம்மை நீக்கப்பட்டவராகவே கருத இடமளிக்கின்றன; லண்டனுக்குள்ளேயே காம்பர்வெல்லிலிருந்து பெக்கென்ஹாமுக்கு மாற்றப்பட்ட ஓர் ஊழியர் 2009-இல் மேல்முறையீட்டில் வென்றது அவ்விதியைக் கொண்டுதான்.

நம் சட்டத்திலும் இடமாற்றத்தின் தூரத்தை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். அதுவரை, சம்மதக் கடிதத்தில் ஒப்பமிடுமுன், பழைய சேவைக் காலம் முழுவதையும் ஏற்பதாகப் புதிய முதலாளியிடம் எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ளுமாறு தொழிற்சங்கங்கள் தம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்