பால் அம்மாவிடம், நேரம் யாரிடம்?

இந்த வாரம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா, சகோதரிகளே? கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். மளிகைக் கணக்கும் சலவைக் கணக்கும் தினமும் போடுகிறவர்கள்தானே நாம்! இதுவும் ஒரு வீட்டுக் கணக்குத்தான், பால் கணக்கு.

செங்கல்பட்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சென்னையில் உத்தியோகம். கைக்குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ரயிலடிக்கு நடந்து, மின்சார ரயிலைப் பிடித்து, இறங்கி, ஆபீஸ் போய்ச் சேர்ந்து, மாலையில் அதே வழியாகத் திரும்பி வர, 4 மணி நேரம் வழியிலேயே போய்விடுகிறது. வேலையும் சாப்பாட்டு வேளையும் சேர்ந்து 9 மணி. ஆக, 13 மணி நேரம் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். குழந்தைக்கு 3 மணிக்கு ஒரு தரம்தான் பசிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பகலில் 4 வேளை அம்மா இல்லாமல் கழிய வேண்டும்.

இந்த 4 வேளைக்கு என்ன வழி? இதற்கு விடை கிடைக்காமல்தான் எத்தனையோ வீடுகளில் மூன்றாம் மாதமே டப்பாப் பால் வந்துவிடுகிறது. எத்தனையோ பெண்கள், படித்துப் பாஸ் செய்து வாங்கிய வேலையை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பாலா, வேலையா என்று அவளை நிறுத்திக் கேட்கிறோம். இரண்டும் ஏன் கூடாது என்று கேட்பதில்லை.

“எனக்குப் பால் வற்றிவிட்டது” என்று பல தாய்மார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் பால் தானாக வற்றுவதில்லை. இறைத்த கிணறுதான் ஊறும் என்பது நம் பாட்டிமார் சொன்னது. வைத்தியர்கள் சொல்வதும் அதேதான். குழந்தை குடிக்கக் குடிக்க, அல்லது கையால் பீய்ச்சி எடுக்க எடுக்க, இன்னும் வேண்டும் என்று உடம்புக்குச் செய்தி போகிறது. 9 மணி நேரம் எடுக்காமல் விட்டால், வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குள் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, காய்ச்சல் கண்டு அவதிப்படுவதும் உண்டு. ஆபீஸில் பிளவுஸ் நனைந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியை விட்டு எழக் கூசி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே அவளுக்கு வேண்டியவை மூன்று. வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம். கதவுள்ள ஓர் இடம். அந்த நேரத்தில் அவள் வேலையைக் கவனிக்க ஓர் ஆள். கக்கூஸில் நின்றுகொண்டு பீய்ச்சிக் கொட்டுவதை இடம் என்று சொல்ல முடியாது. நாம் சாப்பிடும் சோற்றை அங்கே வைத்துச் சாப்பிடுவோமா?

இதை உலகம் நேற்று இன்று யோசிக்கவில்லை. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே அரை மணி வீதம் இரண்டு தடவை விட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 1961-ல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய லீவை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். இந்த உரிமைகளெல்லாம் இப்போது 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன.

சட்டத்தில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் தவிர, பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றால் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 தடவை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். ஓய்வு நேரமும் அந்த நாலில் சேர்த்தி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 50 பேர் என்றால் 50 பெண்கள் அல்ல, ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து 50 பேர். “எங்கள் ஆபீஸில் பத்துப் பெண்கள்தானே, எங்களுக்கு எங்கே காப்பகம்?” என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர்கள் நிறைய. மறைமலைநகர் ஆலைகள், மகேந்திரா சிட்டி, சிறுசேரி என்று நம் மாவட்டத்தில் எத்தனை பெரிய கட்டடங்கள்! ஒவ்வொன்றிலும் பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

சம்பள லீவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 26 வாரம் என்பது கேட்க ஆறு மாதம் போல இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்கிறது. இரண்டும் பொருந்தி வருகின்றன என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு மிச்சம் 18 வாரம்தான். நாலு மாதத்துக்குச் சற்று மேலே. ஆகையால், உடம்பு இடம் கொடுத்து டாக்டரும் சம்மதித்தால், முன்னால் கொஞ்சமாக எடுத்துப் பின்னால் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு இந்த யோசனை ஒத்து வராது. அவளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே ஆபீஸ் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு உத்தியோகத்தில் இருக்கும் பெண்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2021 ஜூலை முதல் அவர்களுக்கு 12 மாத லீவு கிடைக்கிறது.

இதெல்லாம் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் கதை. பதிவேடே இல்லாத பெண்கள்? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, விடியற்காலையில் படகு கரை சேரும்போதே மீன் எடுக்க ஓடுகிறவள் இருக்கிறாள். நாற்று நடப் போகிறவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள் இருக்கிறாள். அவளுக்கு முதலாளியும் கிடையாது, இடைவேளையும் கிடையாது. மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பது தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்த காட்சி. குழந்தைக் காப்பகத்தைச் சட்டம் எழுதியவர்களுக்கு முன்பே அந்தத் தாய் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்தத் தூளியை ஆட்டுவது யார்? பல சமயம் எட்டு வயது அக்கா. தம்பிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு குழந்தைக்குக் காப்பகம் இல்லையென்றால் இரண்டு குழந்தைகளுக்கு நஷ்டம்.

1969-ல் டில்லியில் ராஜ்காட் பக்கம் ஒரு கட்டட வேலை நடந்தது. செங்கல் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வராமல், மீரா மகாதேவன் என்ற பெண்மணி அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் ஆரம்பித்தார். அதற்கு ‘மொபைல் கிரெஷஸ்’, அதாவது நடமாடும் காப்பகம் என்று பெயர். கட்டட வேலை இடம் மாறும்போது காப்பகமும் இடம் மாறும். பெரிய மாளிகை வேண்டாம். நிழலும் தண்ணீரும் கவனிக்கத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம் என்று அந்தக் கூடாரம் காட்டியது.

நம் ஊர்களில் அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல காரியமும் செய்கிறது. ஆனால் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்வது பொதுவாக 2 வயது ஆன பிறகுதான். ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமாகவும் பொருளாகவும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்ள வேண்டும். அது முதல் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிறகு 2 வயது வரை? அந்த இடைவெளியில்தான் தூளியும் எட்டு வயது அக்காவும் வருகிறார்கள்.

2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறை திறந்தார்கள். வெளியே வந்த தாய்க்கும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது அந்த அறையை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் கதவு திறந்திருக்கும்.

மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனவர்கள், அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் அந்தக் குரங்குக் குடும்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் உட்கார்ந்த குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. பால் கொடுப்பது ஒருத்தியால் ஆகும் காரியம் என்று பல்லவர் காலத்துச் சிற்பி நினைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருவரை உட்கார வைத்தான்.

வீட்டில் அந்த இன்னொருவர் கணவராக இருக்கலாம். மாமியாராகவோ அம்மாவாகவோ இருக்கலாம். அவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. காலையில் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான, மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும். 25 டிகிரி சூட்டில் அது 4 மணி நேரம் தாங்கும். நம் சித்திரை வெயிலில் அதை நம்ப வேண்டாம். எடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் வரை இருக்கும். ஆபீஸில் எடுத்ததை ஐஸ் வைத்த பெட்டியில் போட்டு எடுத்து வரலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும், குளிர் விட்டுவிடும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை மறுவேளைக்கு வைக்க வேண்டாம்.

புகட்டுவதற்குப் புட்டியைத் தேடி ஓடாதீர்கள். நம் வீட்டுப் பாலாடை இருக்கிறதே, அதைக் கழுவிக் கொதிக்க வைத்து எடுத்தால் போதும். குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்ட வைத்தியர்களே அதைக் கையாளுகிறார்கள். அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘பாலாடை’ என்ற நம் சொல்லே இடம் பிடித்துவிட்டது!

மாலையில் அவள் வீடு திரும்பியதும் அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். முதலில் குழந்தை. இரவிலும் குழந்தை அவளிடம் குடிக்கட்டும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். மறுநாள் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் அவளும் கொஞ்சம் தூங்குவாள். இவ்வளவு செய்தும் பால் போதாமல், டாக்டர் சொல்லி வேறு பால் கொடுக்க நேர்ந்த தாயை ஒரு வார்த்தை குறை சொல்லாதீர்கள். அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஆபீஸில் அந்த இன்னொருவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போயிருக்கலாம். பக்கத்து நாற்காலிப் பெண், “அக்கா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன்” என்று தயங்கித் தயங்கிச் சொல்வாள். “எங்கள் காலத்தில் இந்தச் சலுகையெல்லாம் ஏது?” என்று ஆரம்பிக்காதீர்கள். நமக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும். நாலு பெண்கள் சேர்ந்து மேலதிகாரியிடம் போய், பயன்படாமல் கிடக்கும் சாமான் அறையைக் காலி செய்து, ஒரு நாற்காலி, ஒரு மேஜை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கேட்பது தர்மம் அல்ல. சட்டம் கொடுத்த இடைவேளைக்கு ஓர் இடம்.

அவள் எழுந்து போனதும் அவளுடைய டெலிபோன் மணி அடித்தால் நீங்கள் எடுங்கள். யாராவது அவளைத் தேடி வந்தால், “இருபது நிமிஷத்தில் வந்துவிடுவாள், உட்காருங்கள்” என்று சொல்லுங்கள். பாலை அவள் பார்த்துக்கொள்வாள்.