ஹார்லெம் ஆலயத்தின் நிலவறை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் மனநலத்துக்குத் தேவாலயமே இடையூறு என்று வாதிடுவோர், 1946-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், புனித பிலிப் ஆலயத்துக்குரிய கட்டடத்தின் நிலவறையில், மனோவைத்தியர் பிரெடரிக் வெர்தாம், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் முதலியோரின் முயற்சியால் தோன்றிய லஃபார்க் மருத்துவ நிலையத்தை மறந்துவிடுகிறார்கள். இயன்றவரிடம் 25 சென்ட் மட்டுமே பெற்று, ஊதியமில்லா வைத்தியர்கள் மாலை வேளைகளில் நடத்திய அந்நிலையம், துயரத்தின் காரணத்தை நோயாளியின் உள்ளத்தில் மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்த நிறபேதத்திலும் தேடிற்று. டெலவேர் மாகாணத்துப் பிள்ளைகளை அங்கே பரிசோதித்த வெர்தாம், பள்ளிகளில் அன்று நிலவிய இனப்பிரிவினை இளம் மனத்தைப் புண்படுத்துவதாக 1951-இல் நீதிமன்றத்தில் சாட்சியமும் அளித்தார். ஜெபம் ஒன்றே போதும் என்னும் போதகர்களும் உண்டு. அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆயினும் அன்று இடம் அளித்தவரும் ஒரு போதகரே. 1958-இல் மூடப்பட்ட அந்நிலையத்தின் சரித்திரத்தைத் தாங்கள் விரிவான கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்